தெற்கு சூடான் பெண்கள் கூடைப்பந்து அணி: 12 இடங்களை நிரப்புவது எப்படி?

[திரையில்: ஆப்பிரிக்க வரைபடம். அபிஜானிலும் தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவிலும் ஒவ்வொரு புள்ளி.]

2025 ஆகஸ்ட் 3. ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் பெண்கள் ஆப்ரோபாஸ்கெட் போட்டியின் கடைசி நாள். மாலியை வென்று நைஜீரியா தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கோப்பையை எடுத்தது. நாம் பார்க்கப்போவது மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை. ஒரு பக்கம் 11 முறை ஆப்பிரிக்க சாம்பியனான செனகல். மறுபக்கம் இந்தப் போட்டியில் முதன்முறையாகக் கால்வைத்த தெற்கு சூடான். ஜெயித்தது தெற்கு சூடான்.

அந்த நாடு பிறந்தது 2011 ஜூலை 9. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவில் சேர்ந்தது 2013. அதாவது அப்போது 14 வயது நாடு, சுமார் 12 வயது உறுப்பினர்.

அந்த நாட்டின் இனக்குழுக்களைச் சொல்லி, "டிங்கா, நூவர் மக்கள் எல்லாம் நல்ல உயரம், அதனால்தான்" என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த உயரம் நூறு வருடத்துக்கு முன்பும் இருந்தது, பதக்கம்தான் இல்லை. இந்த அணியைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று பாஸ்போர்ட். இன்னொன்று, வெவ்வேறு ஊரில் ஆட்டம் கற்றவர்களைச் சில நாளில் ஒரே அணியாக ஆட வைக்கும் வேலை.

[திரையில்: 12 காலி நாற்காலிகள்.]

ஒரு அணியில் 12 பேர். உள்நாட்டுப் போரில் சிதறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, கென்யா, உகாண்டா என்று பரவிக் கிடக்கிறார்கள். கூப்பிட்டால் வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஃபிபாவின் விதி குறுக்கே நிற்கும்.

நீண்ட காலமாக இருந்துவரும் அந்த விதி இதுதான்: 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் ஓர் அணியில் ஒருவர்தான் இருக்கலாம். பிறப்பால் உரிமை இருந்தும் 16 வயதுக்குள் அதைக் கேட்டு வாங்காதவரும் இந்தக் கணக்கில்தான் வருவார். பழைய நாடுகளுக்கு இது பெரிய சிக்கலில்லை. தெற்கு சூடானுக்கு யோசித்துப் பாருங்கள். 1993-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு 16 வயதானபோது அப்படி ஒரு நாடே கிடையாது. இல்லாத நாட்டின் பாஸ்போர்ட்டை எப்படி வாங்கியிருக்க முடியும்? அதனால் பிறந்த இடம், பெற்றோர் யார், எங்கே வளர்ந்தார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆவணம் திரட்ட வேண்டியிருக்கிறது. அகதி முகாமில் பிறந்தவர்கள் பலரிடம் பிறப்புச் சான்றிதழ்கூட இருக்காது. இந்தக் கோப்பு வேலையைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பு தொடங்கினால், நல்ல ஆட்டக்காரர் கேலரியில்தான் உட்கார வேண்டும்.

அடுத்த விதி: 17 வயதுக்குப் பிறகு ஒரு நாட்டுக்காக ஃபிபாவின் அதிகாரபூர்வப் போட்டியில் ஆடிவிட்டால், வேறு நாட்டுக்கு ஆட முடியாது. சொந்த வேர் உள்ள நாட்டில் கூடைப்பந்தை வளர்க்க உதவும் என்றால் மட்டும் ஃபிபாவின் பொதுச்செயலாளர் விலக்கு தரலாம். 2019 முதல் தெற்கு சூடான் கூட்டமைப்பின் தலைவராக இருக்கும் லுவோல் டெங்கே வாவ் நகரில் பிறந்து, எகிப்தில் அகதியாக இருந்து, லண்டனில் வளர்ந்து, 2012 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஆடியவர்.

[திரையில்: கோர்ட்டின் படம். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம்.]

சரி, 12 பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பயிற்சி முகாம் சில நாள், போனால் ஒன்றிரண்டு வாரம். இங்கேதான் பாதி அணிகள் தவறு செய்கின்றன. கோச் தனக்குத் தெரிந்த இருபது 'பிளே'யையும், அதாவது யார் எங்கே ஓட வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த நகர்வுகளையும், சொல்லிக்கொடுக்கப் பார்ப்பார். மூன்றாவது ஆட்டத்தில் ஒன்றும் நினைவிருக்காது.

முதலில் கற்க வேண்டியது, பழைய பழக்கத்தை மறக்க. அமெரிக்கக் கல்லூரி பெண்கள் ஆட்டத்தில் ஷாட் கிளாக், அதாவது ஷாட் எடுக்கக் கிடைக்கும் நேரம், 30 வினாடி, பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவர 10 வினாடி. ஃபிபாவில் 24, 8. பந்தை மேலே கொண்டுவர 7 வினாடி எடுத்தால் மிச்சம் 17. கல்லூரியில் மூன்று தடவை பக்கம் மாற்றி ஆடிப் பழகியவர் இங்கே இரண்டாவது தடவைக்குள் ஷாட்டைத் தேடியாக வேண்டும். பழக்கம் மாறாவிட்டால் கடைசி 3 வினாடியில், எதிராளியின் கை முகத்துக்கு நேராக இருக்க, 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு கட்டாய ஷாட். அது உள்ளே போகாது.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும் ஆனால் ஆட்டத்தையே இழக்க வைக்கும். கல்லூரியில் பந்து கையில் இருப்பவரே டைம் அவுட் கேட்கலாம். ஃபிபாவில் கோச்சோ முதல் உதவி கோச்சோ மேசையில் கேட்டால்தான் உண்டு; அதுவும் ஆட்டம் நிற்கும்போது, அல்லது எதிரணி கூடை போட்ட பிறகு. மூலையில் இரண்டு பேர் மறித்து நிற்க, பந்தைக் கொண்டுவரும் பாயின்ட் கார்டு பழக்க தோஷத்தில் டைம் அவுட் கேட்டுக் கையால் 'டி' காட்டுவார். நடுவர் பார்த்துக்கொண்டே நிற்பார். ஐந்து வினாடி ஓடிவிடும். விசில். பந்து எதிரணிக்கு.

பிறகு பெயர்க் குழப்பம். பக்கவாட்டில் பிக் அண்ட் ரோல் (சக ஆட்டக்காரி காவலரை மறித்து நின்று, பிறகு கூடையை நோக்கி ஓடுவது) வரும்போது பந்துக்காரியை நடுவே வரவிடாமல் ஓரத்துக்கே தள்ளும் டிஃபென்ஸ் ஒன்று உண்டு. ஒரு கோச்சிடம் கற்றவர் அதை 'ஐஸ்' என்பார், இன்னொருவர் 'புளூ', மூன்றாமவர் 'டவுன்'. பின்னால் நிற்கும் சென்டர் "புளூ" என்று கத்துகிறார், முன்னால் நிற்பவருக்கு அது புரிய அரை வினாடி. அந்த அரை வினாடியில் பந்துக்காரி நடுவே புகுந்துவிடுவார். ஆகவே முதல் நாள் காலையிலேயே ஒரு பெயர்ப் பட்டியல். ஒரு வேலைக்கு ஒரு சொல், அதுவும் ஓரசைச் சொல்.

அதன்பின் எங்கள் கணக்கு: திரும்பி ஓடும் டிஃபென்ஸ், ஆளுக்கு ஆள் காக்கும் ஒரே ஒரு மேன் டு மேன், அவசரத்துக்கு முன்னால் இருவர் பின்னால் மூவர் என்று இடத்தைக் காக்கும் ஒரு 2-3 ஸோன், நாலு செட் பிளே, கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தெடுக்க இரண்டு பிளே. தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கு மட்டும் தினமும் தனி நேரம், ஏனென்றால் ஒருங்கிணைப்பு குறைவான அணிக்கு இரண்டாவது வாய்ப்பு உயிர். ஷாட் ரிங்கில் பட்டு நம் கைக்கே திரும்பினால் கிளாக்கில் 14 வினாடி கிடைக்கும்.

[திரையில்: திறந்தவெளி சிமென்ட் கோர்ட்.]

அபிஜானில் ஆடியவர்கள் கற்ற அரங்கங்கள் பெரும்பாலும் வெளிநாட்டில். உள்ளூரிலோ, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் அணி ஆடியபோதும் நாட்டில் ஓர் உள்ளரங்கக் கோர்ட்கூட இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும் என்று பள்ளிகளையே மூடினார்கள். அப்படிப்பட்ட வெயிலில் பகல் பயிற்சி ஆபத்து. மாலை என்றால் விளக்கு வேண்டும், இருட்டில் வீடு திரும்பும் பெண்பிள்ளைக்குத் துணை வேண்டும். சிறுவயதுத் திருமணம் பரவலாக உள்ள நாட்டில், 15 வயதில் நன்றாக ஆடுபவள் 17-ல் கோர்ட்டுக்கு வருவாளா என்பதும் கோச்சின் கவலைதான்.

இருக்கிற கோர்ட்டிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. உடைந்த தரைமேல் 5 சென்டிமீட்டர் சிமென்ட் போட்டால் 3.05 மீட்டரில் இருக்க வேண்டிய ரிங் 3 மீட்டராகிவிடும். கம்பத்தையும் உயர்த்தியாக வேண்டும். பந்தை 1.80 மீட்டரிலிருந்து விட்டால் அது விதி சொல்லும் உயரத்துக்கு எழும்ப வேண்டும். வெயிலில் கிடந்த பந்து கூடுதலாகத் துள்ளும், காலையில் காற்றடித்த அளவு மதியம் சரிவராது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பந்தின் எண். பையன்கள் ஆடிவிட்டுப் போட்ட ஏழாம் எண் பந்துதான் பெரும்பாலும் பெண்பிள்ளைகள் கைக்கு வரும். எடை சுமார் 600 கிராம். பெண்களுக்கான ஆறாம் எண் அதைவிட 60 கிராம் அளவுக்கு லேசு, சுற்றளவும் 3 சென்டிமீட்டர் குறைவு. பெரிய பந்தில் பழகும் பன்னிரண்டு வயதுப் பெண் தூக்கி எறிய இரண்டு கையையும் மார்புக்கு இறக்கிவிடுவாள், முழங்கை விரிந்துவிடும். அந்த ஷாட்டை 18 வயதில் திருத்துவது மிகக் கடினம். ஜூபாவில் ஒரு மைதானத்துக்குப் பொருள் அனுப்ப நினைப்பவர்கள் ஜெர்சிக்கு முன்னால் ஆறாம் எண் பந்து பத்தும், ஒரு காற்றுப் பம்ப்பும், நாலைந்து ஊசியும் அனுப்புங்கள். முதலில் தொலைவது ஊசிதான்.