பாலம் போட்டவர்

நேயர்களுக்கு வணக்கம்.

என் அப்பா பட்டாளத்துக்காரர். 24 வருஷம் ராணுவத்தில் இருந்தவர். இதைச் சொன்னதும் “எந்தச் சண்டையில் இருந்தார்?” என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பிள்ளைகளும் அதையே கேட்டார்கள். வீட்டுக்கு ஓடி வந்து அப்பாவிடம் கேட்டேன். “நான் பாலம் போட்டேம்மா” என்றார். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சொன்னது எவ்வளவு பெரிய வேலை என்று புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆனது.

எங்களுக்கு வேலூர் பக்கம் ஊர். 1968இல், 19 வயதில், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் சேர்ந்தார். 1780இல் தொடங்கிய படை அது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பார்கள். சாலை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடியைத் தேடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அங்கே சிப்பாய்க்குப் பெயர் ‘தம்பி’. தமிழே தெரியாத அதிகாரியும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். இரண்டாம் உலகப் போரில், 1944இல், இத்தாலியில் தன்னோடு இருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப் போகிற கண்ணிவெடி மேல் தானே விழுந்து உயிர்விட்டு, ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படைக்காரர்தான். அவர் கதையைச் சொல்லும்போது அப்பா எப்போதும் எழுந்து நின்றுதான் சொல்வார்.

சரி, பாலத்துக்கு வருகிறேன். பெய்லி பாலம் என்று ஒன்று உண்டு. டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ்காரர் அதே இரண்டாம் உலகப் போரின்போது வடிவமைத்தது. கிரேன் வேண்டாம், வெல்டிங் வேண்டாம். 10 அடி நீளம், 5 அடி உயரத்தில் இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 260 கிலோ. அதை ஆறு பேர் சேர்ந்து தூக்கி, ஒன்றோடொன்று பின் போட்டு இணைக்க வேண்டும். பாலத்தை முழுக்க இந்தக் கரையிலேயே, உருளைகளின் மேல் பூட்டுவார்கள். முன்னால் எடை குறைந்த ஒரு மூக்குப் பகுதி இருக்கும். அப்புறம் எல்லாரும் பின்னாலிருந்து தள்ள, மூக்கு ஆற்றுக்கு மேல் அந்தரத்தில் நீண்டுகொண்டே போய் அக்கரையைத் தொடும். பின்பக்கத்து எடைதான் அது ஆற்றில் கவிழாமல் பிடித்துக்கொள்கிறது. அக்கரை சேர்ந்ததும் மூக்கைக் கழற்றிவிடுவார்கள்.

“ஆறு பேரில் ஒருத்தன் முந்தினாலும் மற்றவன் இடுப்பு போச்சு. அதனால சத்தம் ஒருத்தன்தான் குடுப்பான்” என்பார் அப்பா. நேஃபா மலைகளில், அதாவது இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், குளிரில் விறைத்த விரல்களோடு, ராத்திரி வெளிச்சம் இல்லாமல் அவர் போட்ட பாலங்கள் எத்தனையோ. வேலை முடிந்ததும் சிலவற்றைக் கழற்றி லாரியில் ஏற்றி வேறு ஆற்றுக்குக் கொண்டு போய்விடுவார்கள். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. “வண்டி போச்சுல்ல, போதும்” என்பார்.

1975இல் கல்யாணம், 1992இல் ஹவில்தாராக ஓய்வு. இடையில் 17 வருஷம். வருஷத்துக்கு இரண்டு மாத லீவு. பெங்களூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்த ஒன்றரை வருஷத்தைத் தள்ளிவிட்டால், அந்த 17 வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தது இரண்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தார். மீதி நாளெல்லாம் மணியார்டரும், 56 ஏபிஓ என்று ராணுவத் தபால் முகவரி போட்ட இன்லண்ட் லெட்டரும்தான். என் தம்பி பிறந்த செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மா இதையெல்லாம் குறையாகச் சொல்ல மாட்டார். ஆனால் சொல்லாமலும் இருக்க மாட்டார்.

திரும்பி வந்த அப்பா வீட்டிலும் சாப்பராகவே இருந்தார். பீரோவை நகர்த்த வேண்டும் என்றால் அம்மா, நான், தம்பி மூன்று பேரையும் மூலைக்கு ஒருவராக நிறுத்துவார். “எல்லாரும் ரெடியா?” ஒரு நிமிஷம் அமைதி. “தூக்கு!” அந்தச் சத்தத்தில் பீரோ காகிதம் மாதிரி எழும்பும். மழையில் தெருச் சாக்கடைப் பலகை அடித்துக்கொண்டு போனால், யாரும் கேட்காமலே தென்னந்தடி கொண்டுவந்து போட்டு, மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை விடுவார்.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் நடுவே இருந்த பாலம் போய்விட்டது. மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்காரர்கள்தான் அங்கே பெய்லி பாலம் போட்டார்கள். 31ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் மாலையில் முடித்தார்கள். அப்பாவுக்கு அப்போது 75 வயது. டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலை நீட்டிச் சட்டங்களை எண்ணினார். “பத்தொன்பது. நூத்தித் தொண்ணூறு அடி” என்றார். கொஞ்ச நேரத்தில் செய்தி வாசித்தவரும் 190 அடி என்றார். முதல் வண்டி ஏறி அக்கரை சேரும்வரை அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்றுதான் அவர் கண் கலங்கி நான் பார்த்தேன்.

அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

செய்தி கேட்டு அவரோடு வேலை பார்த்தவர்கள் நாலு ஊரிலிருந்து வந்தார்கள். எல்லாருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. நான் திண்ணையில் நின்றுகொண்டிருந்தேன். பாடையைத் தூக்கப் போன எங்கள் வீட்டுப் பையன்கள் ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள், அது சாய்ந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். “இருங்கடா” என்றார். ஒவ்வொருவரையும் சரியான இடத்தில் நிறுத்தினார். “எல்லாரும் ரெடியா?”

ஒரு நிமிஷம் அமைதி.

“தம்பி வர்றான். தூக்கு!”

அப்பா அசையாமல், சாயாமல் எழும்பினார்.

வணக்கம்.