கல்லுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

நடுவர் அய்யா, கோபி மக்களே, வணக்கம். புகழுரையை அடுத்த வருஷம் சேர்த்துத் தருகிறேன்.

சமயம் கண்ட பெரியோர்களின் வாழ்வுக்குப் பெரிய சான்று கல்வெட்டு, ஆவணம் என்கிற கல்லா, மக்கள் வாய்ச் சொல்லா? நான் சொல் கட்சி. எதிரணி அம்மணி, "பிறந்த தேதிக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் ரேஷன் கார்டே கிடையாது, இவர்கள் வரலாற்றில் இடம் கேட்கிறார்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

சரி, சான்றிதழுக்கே வருவோம். என் பெரியப்பா பிறந்தது பவானிசாகர் அணைக்கு வேலை ஆரம்பித்த 1948-இல், ஆடி நோம்பிக்கு முந்தின நாள். ஆத்தா சாகும்வரை மாற்றாமல் சொன்ன கணக்கு. 1952-இல் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார்கள். வாத்தியார் தேதியா கேட்டார்? "வலக்கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடுடா" என்றார். பெரியப்பாவுக்குக் கை நீளம். தொட்டார். தொட்டதோடு விட்டாரா, காதைப் பிடித்து முறுக்கியும் காட்டினார்! காது எட்டினால் ஐந்து வயசு என்று கணக்கு; வாத்தியார் குஷியாகி 1-6-1947 என்று எழுதிவிட்டார். "ஏனுங்க சாமி, அப்போ இவன் என்ற வயித்துலயே இல்லீங்களே" என்றாள் ஆத்தா. "ரிஜிஸ்டர்ல ஏறிப்போச்சும்மா" என்றார் அவர்.

அரசு வேலை. அப்போது 58-இல் ஓய்வு. 2005-இல் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள், மனுஷனுக்கு 57 கூட நிரம்பவில்லை! மாலையோடு வந்து சொன்னார்: "மீதிச் சம்பளத்தை என்ற கை தின்னுடுச்சு." அம்மணி, உங்கள் ஆவணம் இதுதான். பெரியப்பாவுக்கு முன்னால் அவர் கை பிறந்துவிட்டது!

அடுத்து லும்பினித் தூண். "புத்தர் இங்கே பிறந்தார்" என்று அசோகர் வெட்டிவைத்தது. 1896-இல் வெளியே தெரிந்தது. முடிசூடி இருபது ஆண்டு கழித்து வந்தவர், வரியைக்கூட எட்டில் ஒன்றாகக் குறைத்தார். நல்ல சான்றுதான். ஆனால் புத்தர் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்ததே, இடத்தை அவருக்குக் காட்டியது யார்? அந்த ஊர்க்காரன் வாய்தானே! நீங்கள் கொண்டுவந்த கல்லே எங்கள் கட்சி அய்யா.

சொல் வளரும், கூடும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக? ரோம ஆளுநராக யூதேயாவை ஆண்ட பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. தீர்ப்பு சொன்னவனுக்குக் கல் இருக்கிறது. அவன் சிலுவைக்கு அனுப்பிய இயேசுவுக்கு அந்தக் காலத்துக் கல் ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்துத்தான், அவர் பேரைப் பரப்பிய பவுலின் கடிதங்கள். அதுவரை அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது யார்? மீன் பிடிக்கிறவன், கூலிக்குப் போகிறவன், பயந்து ஒளிந்தவன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள் அய்யா. பெற்றவள் அங்கே நின்று அழுதாளே, அதற்கு எந்த அரசாங்கம் கல்வெட்டு வைத்தது? அவள் அழவில்லை என்று தீர்ப்பு எழுத உங்களுக்குக் கை வருமா?

மணி அடித்துவிட்டீர்கள். வணக்கமுங்க.