கம்பத்தின் மேல் ஒரு சர்ப்பம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் வளர்ந்த வீட்டுக்கு மேற்குப் பார்த்த வாசல். சாயங்காலம் ஐந்து மணிக்கு வெயில் நேராக நடைக்குள் வந்து விழும். அந்த நேரத்தில் யாராவது வாசலுக்கு வந்தால், ஆள் படியேறுவதற்கு முன்பே நிழல் உள்ளே வந்துவிடும். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் பாட்டி, தலை நிமிராமலே, "தாத்தா வந்துட்டாரு, செம்புல தண்ணி எடு" என்பார். பாட்டிக்குத் தாத்தாவைத் தெரியும், அதனால் நிழலும் தெரியும். அவரைப் பார்த்தே இராத ஒருவருக்கு அது வெறும் நிழல்தான்.

கொலோசெயருக்கு எழுதின நிருபத்தில் பவுல் பண்டிகைகளையும் ஓய்வுநாட்களையும் பற்றிச் சொல்லும்போது, அவை 'வருங்காரியங்களுக்கு நிழல்' என்கிறார். எபிரெய வேதத்தின் பழைய கதைகளைக் கிறிஸ்தவர்கள் படிக்கும் விதத்தைச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. கிறிஸ்துவை அறிந்த பிறகு திரும்பிப் பார்க்கிறோம். முன்பே விழுந்து கிடந்த நிழல் அப்போது யாருடையது என்று தெரிகிறது.

விறகைத் தோளில் சுமந்து மலையேறும் ஈசாக்கு, மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்த யோனா, எரிகோவின் மதில் ஜன்னலில் சிவப்பு நூலைக் கட்டிய ராகாப் என்று உதாரணங்கள் நிறைய உண்டு. ராகாபின் சிவப்பு நூலில் கிறிஸ்துவின் இரத்தத்தைக் கண்டவர்கள் முதல் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். ரோமாபுரியின் கிளெமெந்து தம் கடிதத்தில் அப்படித்தான் எழுதுகிறார். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. சிவப்பாக இருப்பதையெல்லாம் இரத்தம் என்று சொல்லிக்கொண்டே போனால் கதை காணாமல் போய்விடும். அதனால் இன்று, இயேசுவே தம் வாயால் எடுத்துச் சொன்ன ஒரு கதையைப் பார்க்கலாம்.

எண்ணாகமம் 21-ஆம் அதிகாரம். எகிப்தைவிட்டு வந்த ஜனங்கள் ஏதோம் தேசத்தைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். மோசேயின் அண்ணன் ஆரோன் அப்போதுதான் ஓர் என்னும் மலையில் இறந்திருக்கிறார். நேர்வழி கிடைக்கவில்லை, தண்ணீர் இல்லை, தினமும் சாப்பிட அதே மன்னா. 'மனமடிவடைந்தார்கள்' என்கிறது நம் தமிழ் வேதாகமம். என்ன அருமையான சொல்! கோபத்துக்கும் சோர்வுக்கும் நடுவில் இருக்கிற ஒரு நிலை அது. தேவனுக்கும் மோசேக்கும் விரோதமாகப் பேசுகிறார்கள். அப்புறம் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் வருகின்றன. கடிபட்டவர்கள் சாகிறார்கள். பாவம் செய்தோம், இந்தப் பாம்புகளை எங்களைவிட்டு நீக்கும்படி வேண்டிக்கொள்ளும் என்று மோசேயிடம் வந்து கெஞ்சுகிறார்கள்.

இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். பாம்புகள் நீங்கியதாகக் கதை சொல்லவில்லை. அவர்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. வெண்கலத்தால் ஒரு சர்ப்பத்தைச் செய்து கம்பத்தின் மேல் வை, கடிபட்டவன் அதை நோக்கிப் பார்த்தால் பிழைப்பான் என்கிறார் கர்த்தர். பச்சிலை அரைக்கச் சொல்லவில்லை, பலி கேட்கவில்லை, மலையேறச் சொல்லவில்லை. விஷம் தலைக்கேறி, கைகால் விளங்காமல் கூடார வாசலில் கிடக்கிற ஒருவனால் என்ன செய்ய முடியும்? கண்ணைத் திருப்ப முடியும். அவ்வளவுதான் அவனிடம் கேட்கப்பட்டது.

எபிரெயத்தில் பாம்புக்கு 'நாகாஷ்', செம்புக்கும் வெண்கலத்துக்கும் 'நெகோஷெத்'. காதில் விழும்போதே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கம்பத்துக்கு அங்கே உள்ள சொல் 'நேஸ்'. படைக்கு முன்னால் பிடிக்கும் கொடிக்கும் அதே சொல். பிற்கால எபிரெயத்தில் அதற்கு அற்புதம் என்றும் பொருள் வந்துவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இஸ்ரவேலின் தென்கோடியில், ஏலாத்துக்கு வடக்கே, திம்னா என்ற பள்ளத்தாக்கில் பழங்காலச் செம்புச் சுரங்கங்கள் இருக்கின்றன. 1969-இல் பென்னோ ரோதென்பெர்க் என்ற ஆய்வாளர் அங்கே ஒரு சிறு கோவிலைத் தோண்டியபோது, தலையில் பொன் பூசிய செம்புப் பாம்பு ஒன்று கிடைத்தது. ஒரு சாண்கூட இருக்காது. அது மோசேயின் சர்ப்பம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வனாந்தரத்தில் செம்பும் பாம்பும் சேர்ந்த ஒரு உருவம் யாருக்கும் அந்நியமாக இருந்திருக்காது.

சரி, உலோகப் பாம்பு விஷத்தை முறிக்குமா? இந்தக் கேள்வியை யூத ஞானிகளே கேட்டிருக்கிறார்கள். சர்ப்பமா கொல்லும், சர்ப்பமா பிழைக்கவைக்கும் என்று கேட்கிறது அவர்களுடைய பழைய போதனைத் தொகுப்பான மிஷ்னா. இஸ்ரவேலர் கண்ணை மேலே ஏறெடுத்து, பரலோகத் தகப்பனுக்குத் தங்கள் இருதயத்தைக் கீழ்ப்படுத்தியபோது சுகமானார்கள் என்று அதுவே பதிலும் சொல்கிறது. இது அவர்களுடைய வேதம், அவர்களுடைய கதை. அவர்கள் கடிபட்டார்கள், அவர்கள் பிழைத்தார்கள். நமக்கு உவமை வேண்டும் என்பதற்காக அந்தத் தாய்மார் அங்கே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. இதைக் கிறிஸ்தவர்கள் பலமுறை மறந்திருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் சர்தை நகரத்து ஆயர் மெலித்தோ, எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா பண்டிகையைப் பற்றி மிக அழகான ஒரு பிரசங்கம் எழுதினார். அதே பிரசங்கத்தில் கிறிஸ்துவைக் கொன்ற பழியை யூத ஜனத்தின்மேல் சுமத்தினார். அந்தப் பழி எத்தனை நூற்றாண்டுகள் எத்தனை உயிர்களை வாங்கியது! 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை யூதர்கள் எல்லார்மேலும் சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. நிழலைப் படிக்கிற எவரும் இந்த வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

யோவான் சுவிசேஷம், மூன்றாம் அதிகாரம். நிக்கொதேமு ஒரு பரிசேயர், யூதருக்குள்ளே அதிகாரி. இராத்திரியில் இயேசுவிடம் வருகிறார். வயதான ஒருவன் மறுபடியும் பிறப்பது எப்படி என்று திணறுகிற அவரிடம், அவர் சின்ன வயதிலிருந்தே அறிந்த கதையை இயேசு எடுக்கிறார்: சர்ப்பம் மோசேயினால் வனாந்தரத்தில் உயர்த்தப்பட்டதுபோல மனுஷகுமாரனும் உயர்த்தப்பட வேண்டும். இது 14-ஆம் வசனம். நம் ஊர்களில் சுவரிலும் ஆட்டோவின் முதுகிலும் 3:16-ஐப் பார்க்கிறோம். தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்ற அந்த வசனம், பாம்புக் கடிபட்ட கூடாரங்களின் நடுவிலிருந்துதான் எழுகிறது.

ஆனாலும் மனதை உறுத்துகிற கேள்வி ஒன்று உண்டு. தம்மை ஏன் பாம்போடு ஒப்பிட வேண்டும்? ஆட்டுக்குட்டி என்றால் புரிகிறது. பஸ்கா ஆட்டை மாதத்தின் பத்தாம் நாளே பிரித்து வீட்டில் வைத்துக்கொண்டு, பதினாலாம் நாள் சாயங்காலம் அடிக்க வேண்டும். நாலு நாள்! வீட்டில் குட்டி வளர்த்தவர்களுக்குத் தெரியும், நாலு நாளில் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள். அதன் இரத்தத்தை ஈசோப்பு என்ற செடியின் கொத்தால் தொட்டு நிலைக்கால்களில் தெளித்தார்கள். பவுல் 'நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து' என்கிறபோது யாருக்கும் தடை இருக்காது. பாம்பு அப்படியல்ல.

எனக்குத் தெரிந்தவரையில் பதில் இதுதான். கம்பத்தில் தொங்கியது கடித்த பாம்பின் சாயல். ஆனால் அதில் விஷம் இல்லை. எது அவர்களைக் கொன்றதோ அதன் உருவமே அவர்கள் கண்முன் உயர்த்தப்பட்டது. சிலுவையும் அப்படித்தான். மனிதர் மனிதருக்குச் செய்யும் கொடுமை, பொய்ச்சாட்சி, கைகழுவும் அதிகாரம், கூட்டத்தின் கூச்சல் எல்லாம் அந்த மரத்தில் தெரிகிறது. பாவம் அறியாத ஒருவரை நமக்காகப் பாவமாக்கினார் என்று பவுல் எழுதுவதை நான் பல வருஷம் புரியாமலே வாசித்தேன். பாம்புக் கதைக்குத் திரும்பிய பிறகுதான் அது பிடிபட்டது. நம்மைக் கடித்தது எது என்று பார்க்காமல் பிழைப்பைப் பார்க்க முடியாது.

அந்த வெண்கலச் சர்ப்பம் பிறகு என்ன ஆனது தெரியுமா? ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கினார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டு, 'நிகுஸ்தான்' என்று பேரிட்டார். வெறும் வெண்கலத் துண்டு என்று அர்த்தம். நல்ல காரியம் செய்தார்.

நிக்கொதேமு அன்று இராத்திரி என்ன பதில் சொன்னார் என்று யோவான் எழுதவில்லை. ஆனால் 19-ஆம் அதிகாரத்தில் அவர் மறுபடி வருகிறார். அன்று பஸ்காவுக்கு ஆயத்தநாள். ஈசோப்புத்தண்டில் காடி நிறைந்த கடற்காளானை மாட்டி இயேசுவின் வாயருகே நீட்டியாயிற்று. அவருடைய காலெலும்புகளை முறிக்கவில்லை. பஸ்கா ஆட்டின் எலும்பையும் முறிக்கக் கூடாது. சாயங்காலம் ஆகிறது. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு சரீரத்தை இறக்க அனுமதி வாங்கிவிட்டார். வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து, ஏறக்குறைய நூறு இராத்தலைச் சுமந்துகொண்டு நிக்கொதேமு வருகிறார். இந்த முறை இருட்டுவதற்கு முன்பே வருகிறார்.