குதிகால் வலிக்கு எந்தக் காலணி? நேயர் சந்தேகத்திற்கு விளக்கம்

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து நேயர் ஒருவர் தம் தாயாருக்காக இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறார். அறுபது வயதைக் கடந்த அந்த அம்மாவுக்குக் காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது போன்ற வலி எடுக்கிறதாம்; சற்று நடந்தபின் குறைகிறதாம். கடையில் இருந்ததிலேயே மிக மெத்தென்ற காலணியை வாங்கிக் கொடுத்தும் பலனில்லையாம். இதைவிட மென்மையானதை வாங்குவதா, அல்லது விலை கூடியதை வாங்குவதா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் பிளான்டார் ஃபேஷியைட்டிஸ் என்ற பாதிப்பில் காணப்படுபவை. குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்கள் வரை செல்லும் தடித்த நார்ப்பட்டை ஒன்று பாதத்தின் வளைவைத் தாங்கி நிற்கிறது. அது எலும்போடு சேரும் இடத்தில் ஓயாமல் இழுபட்டு நைந்துபோகும்போது வலி தொடங்குகிறது. இரவு முழுவதும் தளர்ந்து கிடந்த பட்டையின்மேல் காலையில் உடல் எடை திடீரென இறங்குவதால்தான் முதல் அடி அவ்வளவு வலிக்கிறது. ஆகவே, காலணி அந்த இழுவையைக் குறைக்க வேண்டும். அளவுக்கு மீறி மெத்தென்று இருக்கும் அடிப்பாகத்தில் பாதம் அமிழ்ந்து உட்பக்கமாகச் சாய்ந்தால், வளைவு தட்டையாகிப் பட்டை முன்னைவிட அதிகமாக இழுபடும். உங்கள் அம்மாவுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கடையில் காலணியைக் காலில் போடுவதற்கு முன் கையில் எடுத்துப் பாருங்கள். குதிகாலைச் சுற்றி வரும் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அது எளிதில் உள்ளே மடங்கினால் அந்தக் காலணியை அங்கேயே வைத்துவிடலாம். பிறகு இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள்: விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே அது வளைய வேண்டும், நடுப்பகுதியில் இரண்டாக மடியக் கூடாது. முறுக்கிப் பார்த்தாலும் ஓரளவு எதிர்த்து நிற்க வேண்டும். குதிகால் பகுதி முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருந்தால் கெண்டைக்கால் தசையின் இறுக்கம் பாதத்தை இழுப்பது குறையும். உள்ளிருக்கும் அட்டையைக் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். பிற்பாடு வளைவைத் தாங்கும் தனி அட்டை தேவைப்பட்டால் அதற்கு இடம் இருக்கும். இந்தச் சோதனைகளில் தேறும் காலணிகள் நடுத்தர விலையிலும் கிடைக்கின்றன. விலை உயர்ந்தவற்றிலும் தேறாதவை உண்டு.

பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குச் செல்லுங்கள். எழுந்து நின்ற நிலையில் மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இரு பாதங்களில் பெரியதற்கே அளவு பார்க்க வேண்டும். குனிந்து நாடா கட்டச் சிரமமென்றால் வெல்க்ரோ பட்டை போதும். நுழைத்துப் போடும் காலணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது குதிகாலை இறுகப் பிடிப்பதில்லை.

காலணியைவிட நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது வீட்டுத் தரையைப் பற்றி. காலையில் பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு மணி நேரம் நல்ல காலணியோடு நடந்துவிட்டு, மீதி நாள் முழுவதும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கடினமான ஓட்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று சமைத்தால், அந்த ஒரு மணி நேரத்தின் பயன் எங்கே நிற்கும்? ஈரச்சந்தைக்குப் போட்டுச் செல்லும் தட்டையான ரப்பர் செருப்பும் ஏறக்குறைய வெறுங்காலுக்குச் சமம்தான். வீட்டுக்குள் செருப்பணிய நம் பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது என்பதை நான் அறிவேன். வளைவுத் தாங்கலும் பின்பட்டையும் உள்ள ஒரு ஜோடியை வெளியே கொண்டுபோகாமல் வீட்டுக்கென்றே தனியாக வைத்து, பூசை அறை வாசலில் மட்டும் கழற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இரவில் அதைக் கட்டிலுக்கு அருகிலேயே வைத்தால், காலையில் முதல் அடியே அதற்குள் விழும்.

மலிவு விற்பனையில் இரண்டு மூன்று ஜோடிகளை வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளாலான அடிப்பாகம் பயன்படுத்தாமலேயே உதிர்ந்துபோகும். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த காலணியை எடுத்துப் போட்டு, நடு வழியில் அடிப்பாகம் கழன்று நின்றவர்கள் பலர்.

காலணி மாற்றியவுடன் வலி நின்றுவிடாது. கெண்டைக்கால் தசையையும் பாதத்தையும் நீட்டும் பயிற்சிகளை அன்றாடம் செய்துவந்தாலும் தேறுவதற்குப் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். ஆனால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு, வீக்கம், படுத்திருக்கும்போதும் தொடரும் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, அம்மாவுக்கு நீரிழிவு இருந்தாலோ, காலணிக் கடைக்குப் போகும் முன் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அவரே பாத மருத்துவ நிபுணரிடம் அனுப்பிவைப்பார்.