பன்னிரண்டு மாலைகளுக்காக ஓர் அரங்கமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஆற்காட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர், நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும் சாம்பாரை மறந்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா டீச்சர், சென்னைக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருக்குது. நம்ம வேலூர்ல பெருசா ஒரு ஸ்டேடியம் கட்டிட்டா நமக்கும் ஒரு டீம் வந்துடாதா?" பாயசம் வரும்வரை பேசினோம். அடுத்த பந்திக்கு ஆட்கள் பின்னால் வந்து நின்றுவிட்டதால் பாதியில் எழுந்துவிட்டோம். அந்த மீதிப் பேச்சைத்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. அவருடைய ஆசை எனக்கும் உண்டு. ஒரு வருடம் என் மாணவிகள் பதினோரு பேரைச் சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்துக்கு சென்னையின் எஃப்.சி. என்ற கால்பந்து அணியின் ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போனேன். ஆட்டம் முடிய ஒன்பதரை மணி. வேலூருக்கு 140 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒருத்தியும் தூங்கவில்லை. இரண்டு சீட்டுக்கு நடுவில் உள்ள வழியில் நின்றுகொண்டு, சுருட்டிய துப்பட்டாவைப் பந்தாக வைத்து அந்த கோலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். காவேரிப்பாக்கம் தாண்டியபோது கண்டக்டரும் கோல்கீப்பராக நின்றார். நம் ஊரிலேயே அப்படி ஓர் ஆட்டம் நடந்தால் எத்தனை பிள்ளைகளின் தூக்கம் கெடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கெடட்டும், அது நல்ல கேடு.

என் மறுப்பு ஆட்டத்தின் மேல் இல்லை, வரிசையின் மேல். அணி வருவதற்கு முன்பே ஊர்ப் பணத்தில் அரங்கம் கட்டுவது, பெண் பார்ப்பதற்கு முன்பே மண்டபத்துக்கு முழுப் பணமும் கட்டிவிடுவது போல.

இதைச் செய்து பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில் பிரிட்ஜ்வியூ. ஜனத்தொகை பதினாறாயிரத்துச் சொச்சம்தான், நம் ஆற்காட்டைவிடச் சின்ன ஊர். சிகாகோ ஃபயர் என்ற தொழில்முறைக் கால்பந்து அணியைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவர அந்த ஊராட்சியே 10 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கி, 20,000 இருக்கைகளோடு ஓர் அரங்கம் கட்டியது. 2006-ல் திறந்தார்கள். அணியும் வந்தது. ஆனால் அரங்கத்தின் வருமானம் கடன் தவணைக்குக் காணவில்லை. பற்றாக்குறையை அடைக்க மேலும் கடன், அதை அடைக்க வீட்டுவரி உயர்வு. கடன் 20 கோடி டாலரைத் தாண்டியது. கடைசியில் அணி என்ன செய்தது தெரியுமா? ஒப்பந்தத்தை முறிக்க 6 கோடியே 55 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு, 2020-ல் சிகாகோ நகரத்துக்கே திரும்பிப் போய்விட்டது. அணியின் முதலாளி இப்போது சிகாகோவில் சொந்தப் பணத்தில் புது அரங்கம் கட்டுவதாக அறிவித்திருக்கிறார். பிரிட்ஜ்வியூ மக்கள் அந்தப் பழைய கடனோடு இருக்கிறார்கள்.

அணிக்குக் கால் இருக்கிறது, நேயர்களே. ஊருக்குக் கால் இல்லை.

இவ்வளவு தூரம் போவானேன், கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நேரு ஸ்டேடியம் ஏற்கெனவே இருந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. என்ற கால்பந்து அணி அதைத் தன் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. 2019 மார்ச் 9-ஆம் தேதி, சீசனின் கடைசி நாளில், மினர்வா பஞ்சாபை மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்து, ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் கோப்பையைத் தூக்கியது. கோயம்புத்தூர் ஜனங்கள் கொண்டாடினார்கள், நானும் தொலைக்காட்சி முன்னால் கை தட்டினேன். இரண்டே சீசன். அதற்குப் பிறகு அந்த அணி அந்த லீக்கிலேயே இல்லை. நல்லவேளை, அந்த அணிக்காக என்று யாரும் புதிதாக அரங்கம் கட்டியிருக்கவில்லை. தடகளப் பிள்ளைகள் எப்போதும்போல ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

அணி நிலைத்தாலும் லீக் நிலைக்க வேண்டும். 2025-ல் நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். போட்டியை நடத்தும் ஒப்பந்தம் முடியப்போகிறது என்பதால் சீசன் வழக்கமான நேரத்தில் தொடங்கவே இல்லை. பெங்களூரு அணி வீரர்களுக்குச் சம்பளத்தை நிறுத்திவைத்தது. பெங்களூரு! நமக்கு இரண்டு மடங்கு மூன்று மடங்கல்ல, பல மடங்கு பெரிய ஊர்.

சரி, எல்லாம் நல்லபடியாக நடக்கிறது, அணி வருகிறது, லீக் நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 2024-25 ஐ.எஸ்.எல். சீசனில் ஓர் அணி சொந்த ஊரில் ஆடிய லீக் ஆட்டங்கள் 12. வருடத்துக்குப் பன்னிரண்டு மாலைகள். மீதி 353 நாளும் அந்தக் கேட்டில் பூட்டுத்தான் தொங்கும். பிரேசிலில் 2014 உலகக் கோப்பைக்காக மனாஸ் என்ற ஊரில் 40,000 பேருக்கு மேல் உட்கார ஓர் அரங்கம் கட்டினார்கள். அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கு. அந்த ஊரில் முதல்நிலை லீக்கில் ஆடும் அணி ஒன்றுகூட இல்லை.

ஆட்டம் நடந்தால் ஊரில் வியாபாரம் பெருகும் என்கிறார்கள். அந்தப் பக்கத்து இலைக்காரரும் அதைத்தான் சொன்னார். பொருளாதாரம் படித்தவர்கள் முப்பது வருடத்துக்கு மேலாக இதைத் தோண்டித் துருவிப் பார்த்துவிட்டார்கள். அரங்கத்தால் ஊருக்கு வரும் லாபம், ஊர் போட்ட பணத்தை எடுக்காது என்பதுதான் பெரும்பாலோர் கண்ட முடிவு. காரணம் நம் வீட்டுக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு குடும்பம் டிக்கெட்டுக்கும் தின்பண்டத்துக்கும் ஆயிரம் ரூபாய் செலவழித்தால், அந்த மாதம் சினிமாவும் பிரியாணியும் குறையும். பணம் ஊருக்குள் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது, அவ்வளவுதான். அதிலும் டிக்கெட் காசு வீரர் சம்பளமாக வெளியூருக்குப் போய்விடும். வேலூருக்கு வெளியூர்க்காரர்கள் வராமலா இருக்கிறார்கள்? சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்து வருகிறார்கள், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருகிறார்கள். காந்தி ரோடு லாட்ஜ்கள் நிறைவதற்குக் கால்பந்து தேவைப்படவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முழு அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 7,140 சதுர மீட்டர். நம் ஊர் வெயிலில் அந்தப் புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டால்கூட 35,700 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் தினம் மூன்று நடை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ஒரு ரயில் தண்ணீர் இந்த ஒரு மைதானத்துக்கு எழுபது நாள்தான் காணும். பாலாற்றில் மணலை மட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் பிடிக்கும். வெப்பநாடுகளின் பெரிய அரங்கங்களில் விரிக்கிற பெர்முடா புல் இருக்கிறதே, அது நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான். அதே இனம். காய்ந்து கருகினாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கும், ஆனால் தினமும் வெட்டி, தண்ணீர் விட்டு, மிதிபடாமல் காப்பாற்ற ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் நம்மிடம் எப்போதும் இல்லை.

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டு, கேட்டிருப்பீர்கள். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்துவிட்டார், அதுவும் பக்கத்துச் சத்துவாச்சாரியிலிருந்து. அந்த வரிசையில் ஒன்று குறைந்தது. ஆட்டம் இல்லாத அரங்கம் என்று நாமே ஒன்றைக் கட்டிச் சேர்த்துவிடக் கூடாது.

நான் வேலை பார்த்த ஊர்களில் ஒன்று, பெயர் வேண்டாம். அங்கே பிள்ளைகள் விளையாடிய திடலில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. மறுநாள் காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்க்கிறேன், திடல் முழுக்கப் பந்தல் கால் நட்ட குழிகள். துணி கட்டிய ஆணிகள் மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. பிராக்டிஸை நிறுத்திவிட்டு எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, கையில் ஆளுக்கொரு டப்பா கொடுத்து, நெல் வயலில் களை எடுப்பதுபோல் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஆணி பொறுக்கினோம். நாற்பது நிமிடத்தில் ஒரு பால் டப்பா நிறைந்தது. அப்படியும் ஒன்று தப்பியிருக்கிறது. "மிஸ், குத்திடுச்சு" என்று ஒற்றைக் காலில் நின்றாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் காலில் பூட்ஸ் இல்லை. அவள் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர். வெளிநாட்டுக்குப் போகும் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவரின் மகள்.

அன்றைக்கு அவளை ஊசி போடக் கூட்டிப் போனபோது அவள் என்னிடம் கேட்டது, "சாயந்திரம் பிராக்டிஸ் இருக்கா மிஸ்?"

பிறகு அதே ஊரில் காலரி எழுந்தது, நல்ல உயரமான காலரி. திறப்பு விழா முடிந்த அடுத்த வாரம் கேட்டில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டு நான் ஏறி இறங்காத படி இல்லை. எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போய் ஆடினார்கள், பிடிபட்டபோது அவர்களைத்தான் திட்டினார்கள். ஆகவே அரங்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பூட்டு.

ஆட்டக்காரர்கள் எங்கே உருவாகிறார்கள் என்று பாருங்கள். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டிகளில் எடை தூக்கித் தங்கம் வாங்கினார். அவருக்கு முன் அவர் அப்பாவும் எடை தூக்கியவர். அந்த ஊரில் எடை தூக்கும் கூடமும், சொல்லிக் கொடுக்கும் பெரியவர்களும் இருந்தார்கள். இருபதாயிரம் பேர் பார்க்க இருக்கை இல்லை. தனபால் கணேஷ் வியாசர்பாடியின் தெருக்களிலிருந்து போய்ச் சென்னையின் எஃப்.சி.க்கும் இந்தியாவுக்கும் ஆடினார். மைக்கேல் சூசைராஜ் குமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறைக் கடற்கரை மணலில் ஆடி வளர்ந்தவர். பெண்களில் இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் முதன்முறையாகத் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தபோது நான் என் பள்ளி மாணவிகளுக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

அமெரிக்காவிலேயே இன்னொரு ஊர், செயிண்ட் லூயிஸ். 1950 உலகக் கோப்பையில் அமெரிக்கா இங்கிலாந்தை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது, அந்தப் பதினொரு பேரில் ஐந்து பேர் இந்த ஊர்க்காரர்கள். அந்த கோலுக்குப் பந்தை அடித்துவிட்ட வால்டர் பார் பிலடெல்பியாக்காரர், பள்ளி ஆசிரியர். எங்கள் தொழில்காரர் என்பதால் அவரைச் சொல்லாமல் விட மனமில்லை. இப்படிக் கால்பந்து ரத்தத்தில் ஊறிய ஊரிடம் 2017-ல் வாக்கெடுப்பு நடத்தினார்கள்: அணி வருவதற்கு அரங்கம் கட்ட 6 கோடி டாலர் பொதுப் பணம் தருவீர்களா? மக்கள் மாட்டோம் என்றார்கள். ஆட்டத்தின் மேல் வெறுப்பா அவர்களுக்கு? இல்லை. பிறகு பணக்காரக் குடும்பம் ஒன்று பெரும்பகுதி தன் பணத்தைப் போட்டு 22,500 பேருக்கான அரங்கத்தைக் கட்டியது. 2023-ல் அணி ஆடத் தொடங்கி முதல் ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்தது. ஊரே திரண்டு போய்ப் பார்க்கிறது. அணி வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிற முதலாளி, மக்கள் மறுத்த பிறகும் வருவார். அதுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் கல்யாணப் பந்தியில் கேட்ட அந்தப் பக்கத்து இலைக்காரருக்கு நான் சொல்ல நினைப்பது இது. ஐயா, வேலூரில் இரண்டு, காட்பாடியில் ஒன்று, ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடியில் ஒவ்வொன்று என்று எட்டுத் திடல்களைச் சரி செய்யச் சொல்லிக் கேட்போம். எல்லாவற்றிலும் புல் வேண்டாம். செம்மண் போட்டு, ரோலர் ஓட்டி, மழைத் தண்ணீர் ஓட வழி செய்தால் போதும். இரண்டு கோல் போஸ்ட், வலையோடு. இரவு எட்டு மணி வரை எரிகிற விளக்கு, வேலைக்குப் போய்விட்டு வருகிற பிள்ளைகளுக்காக. பெண்பிள்ளைகளுக்குக் கதவுள்ள, தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற கழிப்பறை. இது இல்லாமல்தான் ஒன்பதாம் வகுப்போடு என் நல்ல ஆட்டக்காரிகளில் பாதிப் பேரை நான் இழந்தேன். அம்மாக்கள் கேட்டார்கள், "அங்க எங்க மிஸ் போவா அவ?" என்னிடம் பதில் இருந்ததில்லை.

ஊருக்கு ஊர் லீக் நடத்துவோம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் குடியாத்தமும் ஆம்பூரும் மோதினால், பார்க்க நூறு பேர் வருகிறார்களா, ஆயிரம் பேர் வருகிறார்களா என்று எண்ணுவோம். மூன்று வருடம் எண்ணிப் பார்த்துவிட்டு, கூட்டம் நிற்க இடமில்லாமல் போனால் மூவாயிரம் பேருக்குப் படிக்கட்டு கட்டுவோம். அப்போது ஓர் அணி முதலாளி வந்து பார்த்தால், வரட்டும், உட்கார வைத்துப் பேசுவோம். அவர் பணத்தோடு வரட்டும்.

அதற்கெல்லாம் முன்னால், ஒவ்வொரு திடலுக்கும் ஒரு ஆளை மாதச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். காலை ஐந்தரைக்குக் கேட்டைத் திறந்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, கூட்டம் நடந்த மறுநாள் ஆணி பொறுக்குகிற ஆள். சாவி அவர் இடுப்பில் இருக்கட்டும், பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்து கூப்பிடட்டும்.

நன்றி, வணக்கம்.