நெய்பர் ஸ்விங்கைத் தூக்கிட்டா டான்ஸ் உடையுமா?

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். காண்ட்ரா டான்ஸ்னா ரெண்டு நீள வரிசையா எதிரெதிரே நின்னு, ஒவ்வொரு சுத்துலயும் பக்கத்து ஜோடி மாறி மாறி ஆடுறது. ஒரு சுத்துக்கு ஏ1, ஏ2, பி1, பி2-ன்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணும் 16 கவுண்ட் (தாள அடி). புதுசா எழுதுற காண்ட்ரா டான்ஸ் எதை எடுத்தாலும் ஏ1-ல நெய்பர் ஸ்விங், அதாவது பக்கத்து ஜோடிக்காரரைப் பிடிச்சுச் சுத்துறது. ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரி, கை தானா போட்டுடுது!

கண்டிப்பா வேணுமா? வேணாம். நியூ இங்கிலாந்துல இன்னும் ஆடுற மணி மஸ்க்ங்குற பழைய டான்ஸ்ல ஸ்விங்கே கிடையாது, பார்ட்னரோடகூட. அதுக்காக அந்த வரியை அடிச்சுட்டு, 8 கவுண்ட்டுக்கு வாய்க்கு வந்ததைப் போட்டா, அடுத்து நாலு பேர் கைகோத்துச் சுத்துற சர்க்கிள்ல முட்டிக்குவாங்க.

ஜோடியில ரெண்டு ரோல்: லார்க், ராபின். ஏன் முட்டிக்குவாங்கன்னா, டூப்பிள் இம்ப்ராப்பர்ல (பார்ட்னர் எதிர் வரிசையில, நெய்பர் பக்கத்துல நிக்கிற வழக்கமான அமைப்பு) செட்டுக்குள்ள பார்த்து நின்னா லார்க்குக்கு இடப்பக்கம் நெய்பர் ராபின். ஸ்விங் முடியும்போது அவர் வலப்பக்கம். சுத்துற சாக்குல ரெண்டு பேரும் இடம் மாறிட்டாங்க! இந்த வேலையை வேற எதாவது செஞ்சாகணும். டோ-சி-டோ (ஒருத்தரை ஒருத்தர் முதுகுப் பக்கமா சுத்தி வர்றது) செய்யாது, கிளம்பின இடத்துலயே கொண்டுவந்து விட்டுடும்.

எல்லாரும் உடனே ஆலமாண்ட் ரைட் ஒன்றரைன்னு (வலது கையைப் பிடிச்சு ஒன்றரைச் சுத்து) எழுதுவாங்க. இடம் மாறும், சரிதான். ஆனா முடியுற இடத்தைப் பாருங்க: லார்க் உள்ளே பார்த்து வர்றார், ராபின் வெளியே சுவரைப் பார்த்து வர்றார். அடுத்தது சர்க்கிள் லெஃப்ட். ராபின் முழுசாத் திரும்பி வந்து கை நீட்டுறதுக்குள்ள ரெண்டு கவுண்ட் காலி, சர்க்கிள் முக்கால் வராது, பார்ட்னரே கிடைக்க மாட்டார். ஒரு ராபின் இல்ல, ஹால்ல இருக்குற அத்தனை ராபினுக்கும் இதே கதி! இந்த ஒரு திருப்பத்துக்காகவே அப்படி டான்ஸ் எழுதி வெச்ச கார்டுகளை எனக்குப் பிடிக்காது.

நம்ம பதில்: பேலன்ஸ் (கையைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஒரு அடி) 4 கவுண்ட், பாக்ஸ் த நாட் (பிடிச்ச வலது கையைத் தூக்கி, ராபின் அடியில போக ரெண்டு பேரும் இடம் மாறுறது) 4 கவுண்ட். முடியும்போது ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து நிப்பாங்க. கால்வாசித் திருப்பம் போதும், சர்க்கிள் ரெடி. பிடியை மட்டும் தளர்வா வெச்சுக்கணும். இறுக்கிப் பிடிச்சா, கைக்கு அடியில போற ராபினோட மணிக்கட்டு முறுக்கிக்கும்.

அட, முழு டான்ஸையும் சொல்லவே இல்லையே. ஏ1: நெய்பரோட ரைட் ஷோல்டர் ரவுண்ட் (கை பிடிக்காம, வலது தோள் உள்பக்கமா ஒருத்தரை ஒருத்தர் சுத்துறது) 8, பேலன்ஸ், பாக்ஸ் த நாட். ஏ2: சர்க்கிள் லெஃப்ட் முக்கால், பார்ட்னர் டோ-சி-டோ. பி1: பார்ட்னர் பேலன்ஸ் அண்ட் ஸ்விங், 16 கவுண்ட் முழுசா. பி2: ராபின்ஸ் செயின் (ராபின்கள் ரெண்டு பேரும் குறுக்கே போய் எதிர்ப்பக்க லார்க்கிட்ட சேர்றது), ஸ்டார் லெஃப்ட் (நாலு பேரும் நடுவுல இடது கையைச் சேர்த்துச் சுத்துறது), அடுத்த நெய்பர். மொத்தம் 64.

பி1-ல 16-ஐக் குறைச்சுடாதீங்க. ஸ்விங் ரப்பர் மாதிரி: ரெண்டு கவுண்ட் லேட்டா வந்தவர் ரெண்டு கவுண்ட் கம்மியா சுத்திட்டு சேர்ந்துக்கலாம். பாக்ஸ் த நாட்ல அந்தச் சலுகை கிடையாது. நெய்பர் ஸ்விங் போனா ஒரு ரப்பர் போச்சு, பார்ட்னர் ஸ்விங்தான் மிச்சம்.

ஆங், இன்னொண்ணு விட்டுட்டேன். ராத்திரியோட முதல் ரெண்டு டான்ஸ்ல நெய்பர் ஸ்விங் இருக்கட்டும். புதுசா வர்றவங்களுக்கு ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு நெய்பர், 15 சுத்துல 15 பேர். ஸ்விங்குல ஒரு காலால தள்ளித் தள்ளிச் சுத்துற பஸ் (buzz) ஸ்டெப் அங்கதான் காலுக்கு வரும். பிரேக்குக்கு அப்புறம் தலை கிறுகிறுக்கிற நேரத்துல நம்ம கார்டை எடுங்க.