ஃபயர்பிளேஸ் ஒழுங்காக எரிகிறதா?

வணக்கம் நேயர்களே.

குளிர் தொடங்கி, கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னுக்கு வைக்கும் கிழமை வந்தால், ரொறன்ரோ பக்கத்து வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். கோடை முழுக்கச் சும்மா கிடந்த காஸ் ஃபயர்பிளேஸின் சுவிட்சை யாராவது தட்டுவார்கள். சுடர் வந்துவிடும். "சரி, வேலை செய்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவோம். காஸ் டெக்னீசியனாக வீடு வீடாகப் போகிற எனக்கு அந்தச் "சரி"தான் கவலை. சுடர் வந்தால், காஸ் வருகிறது, அது பற்றுகிறது என்ற அளவுக்குத்தான் தெரியும். எரிந்த புகை எங்கே போகிறது, கட்டுகிற காசுக்கு அறைக்குள் சூடு வருகிறதா என்பதை வேறு விதமாகத்தான் பார்க்க வேண்டும். அதில் பெரும்பகுதியை நீங்களே பார்க்கலாம்.

புகையை முதலில் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2008 டிசெம்பரில், இங்கே ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில், லோரி ஹோக்கின்ஸ் என்ற மாகாணப் பொலிஸ் அதிகாரியும் அவரது கணவரும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டுக்குள்ளேயே காபன் மொனொக்சைட் நச்சால் இறந்துபோனார்கள். காஸ் ஃபயர்பிளேஸின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் அதைக் காட்டும் அலாரம் இல்லை. லோரியின் மாமா ஜோன் கினியாக் தீயணைப்புப் படையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அந்தத் துக்கத்தோடு அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2013-இல் ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றிய அலாரச் சட்டத்துக்கு ஹோக்கின்ஸ் கினியாக் சட்டம் என்றே பெயர். அந்த நாலு பேரும் செத்தது ஏதோ பழங்கால விறகடுப்பால் அல்ல, நம்முடைய வீடுகளில் இருக்கிற அதே வகைச் சாமானால்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். கண்ணாடி சுற்றிவர இறுக்கமாக மூடியிருந்தால் அது பெரும்பாலும் டைரக்ட் வென்ட். குழாய்க்குள் குழாயாக இருக்கும். உள்குழாயால் புகை வெளியே போகும், வெளிக்குழாயால் வெளிக்காற்று உள்ளே வரும். அறைக் காற்றை அது தொடுவதில்லை. பழைய வீடுகளில் பி-வென்ட் என்ற வகை இருக்கும். அதன் குழாய் கூரை வழியாகத்தான் போகும். எரிவதற்கான காற்றை அறைக்குள்ளிருந்தே எடுக்கும். நான் அதிகம் பயப்படுவது இந்த இரண்டாவது வகைக்குத்தான். ஏனென்று சொல்கிறேன்.

நம்முடைய ஆட்கள் மீன் பொரித்தால், கறி தாளித்தால், குசினி எக்ஸ்ஹோஸ்ட் ஃபானை முழு வேகத்தில் போடுவார்கள். அது வீட்டுக் காற்றை வெளியே தள்ளும். ட்ரையரும் குளியலறை ஃபானும் அதையே செய்யும். இறுக்கமாகக் கட்டிய வீட்டில், யன்னல்களும் பூட்டியிருந்தால், வெளியே போன காற்றுக்குப் பதில் காற்று எங்காவது இருந்து வரத்தான் வேண்டும். அது சிலவேளை ஃபயர்பிளேஸின் புகைக்குழாய் வழியாகவே இறங்கி வரும். அப்போது மேலே போக வேண்டிய புகை வரவேற்பறைக்குள் திரும்பிவிடும்.

இதைச் சோதிக்கச் சாமியறையில் இருக்கிற ஊதுபத்தி போதும். அதற்கு முன், காஸ் மணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மணம் இருந்தால் நெருப்பும் வேண்டாம், லைட் சுவிட்சும் வேண்டாம். எல்லோரும் வெளியே போய், வெளியே நின்று காஸ் கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். மணம் இல்லையென்றால், கதவு யன்னல் எல்லாவற்றையும் பூட்டி, வீட்டில் உள்ள எல்லா எக்ஸ்ஹோஸ்ட் ஃபான்களையும் ட்ரையரையும் போட்டு, பிறகு ஃபயர்பிளேஸைப் பற்றவையுங்கள். ஐந்து பத்து நிமிடம் எரியட்டும். பற்றவைத்த ஊதுபத்தியை ஃபயர்பிளேஸ் வாயின் மேல் விளிம்புக்குக் கிட்டப் பிடியுங்கள். புகை இழை வளைந்து உள்ளே இழுபட்டுப் போனால் நல்லது. உங்கள் முகத்துப் பக்கம் திரும்பி வந்தாலோ, போகாமலும் வராமலும் விளிம்பிலேயே தயங்கி நின்றாலோ, உடனே நிறுத்துங்கள், யன்னலைத் திறவுங்கள், டெக்னீசியன் வந்து பார்க்கும்வரை போடாதீர்கள். இந்தச் சோதனை பி-வென்ட்டுக்கு. டைரக்ட் வென்ட்டுக்கு அதே ஊதுபத்தியை வேறு விதமாகப் பாவிக்கலாம். காற்றடிக்கிற ஒரு குளிர்நாளில், நெருப்பு அணைந்து ஆறியிருக்கும்போது, ஃபயர்பிளேஸின் சுற்றுவிளிம்பில் மெதுவாக நகர்த்துங்கள். எங்கே புகை அலைகிறதோ அங்கே குளிர்காற்று உள்ளே வருகிறது. சுவருக்குள் இன்சுலேசன் சரியில்லாத இடம் அது. "ஃபயர்பிளேஸ் பக்கம் இருந்தால் கால் குளிருது" என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் பல வீடுகளில் இதுதான்.

அப்புறம் வெளியே போய்ப் பாருங்கள். டைரக்ட் வென்ட்டின் வாய் பெரும்பாலும் சுவரில் ஒரு உலோக மூடியாகத் தெரியும். அதன் முன்னால் பனி குவிந்திருக்கிறதா, குளவிக்கூடு இருக்கிறதா, கோடையில் நட்ட செடி வளர்ந்து மறைத்திருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். பெரும் பனிப்பொழிவுக்குப் பிறகு கார்ப் பாதையைத் துப்புரவாக்கும்போது, அந்தப் பனியைக் கொண்டுபோய் இந்த வாயிலேயே கொட்டுகிறவர்களும் உண்டு. குளிரில் அதிலிருந்து வெள்ளையாக நீராவி வருவது இயல்பு. மூடியைச் சுற்றிச் சுவரில் கறுப்புப் படிந்திருந்தால் அது இயல்பல்ல.

இனிச் சுடரைப் பார்ப்போம். குசினி அடுப்பில் நீலச் சுடர்தான் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். ஃபயர்பிளேஸில் கொஞ்சம் வேறு. பற்றவைத்த உடனே நீலமாக இருக்கும். உள்ளே வைத்திருக்கும் போலிக் கட்டைகள் சூடாகி, கால் மணிநேரம் இருபது நிமிடத்தில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக மாறும். விறகு எரிவது போலத் தெரிய வேண்டுமென்று அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதனால் நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். கட்டையிலோ கண்ணாடியிலோ கரி படிகிறதா என்று பாருங்கள். கரி படிந்தால் காஸ் முழுதாக எரியவில்லை. பல தடவை காரணம் மிகச் சின்னது. துப்புரவு செய்தவர் போலிக் கட்டைகளை மாறி வைத்திருப்பார், சுடர் அதில் முட்டும். அந்தக் கட்டைகளுக்குக் குறித்த இடம் உண்டு, கைநூலில் படம் இருக்கும். அழகுக்காகக் கூழாங்கல்லும் பைன் காயும் கொண்டுவந்து போடாதீர்கள்.

இன்னொரு அறிகுறி இதைவிடக் கடுமையானது. சுடர் பேர்னரை விட்டு மேலே எழும்பி, பற்றுவதற்கு இடம் தேடுவது போல மிதந்து அலையும். சில நிமிடத்தில் தானாக அணைந்தும் போகும். அதற்குக் காற்று போதவில்லை. வென்ட் அடைபட்டிருக்கலாம், அல்லது குழாயோ, கண்ணாடியின் ஓரத்தை இறுக்கமாக மூடுகிற கஸ்கட்டோ விட்டுப்போய், எரிந்த புகையே திரும்ப உள்ளே போகலாம். திரும்பத் திரும்பப் பற்றவைத்துப் பார்க்காதீர்கள். பற்றும்போது "டொம்" என்று சத்தம் வந்தாலும் அப்படித்தான். பேர்னர் துளைகள் சிலந்தி வலையாலோ தூசியாலோ அடைபட்டு, காஸ் சேர்ந்து நின்று ஒரேயடியாகப் பற்றுகிறது என்று அர்த்தம்.

கண்ணாடியில் வெள்ளையாகப் பனிமூட்டம் போலப் படிவது வேறு. அது எரிந்த காஸின் ஈரத்தோடு வரும் படிவு. நன்றாக ஆறிய பிறகு, ஃபயர்பிளேஸ் கண்ணாடிக்கென்று விற்கிற களிம்பால் துடையுங்கள். அமோனியா கலந்த யன்னல் கிளீனர் வேண்டாம். எரியும்போது அந்தக் கண்ணாடி 200 பாகை செல்சியஸைத் தாண்டும். அணைத்த பிறகும் கனநேரம் சுடும். 2015-க்குப் பிறகு செய்த கண்ணாடி ஃபயர்பிளேஸ்களோடு வலைத்தடுப்பு சேர்ந்தே வருகிறது. பழையது இருக்கிற வீட்டில் நடை பழகும் பிள்ளை இருந்தால், தடுப்பு வாங்கிப் பூட்டாமல் அதைப் போடவே வேண்டாம். தடுமாறுகிற பிள்ளை இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டுதான் விழும்.

அலாரத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "அலாரம் அடிக்கவில்லை, அப்படியென்றால் பிரச்சினை இல்லை" என்று பலர் நம்புகிறார்கள். இந்த அலாரங்கள் அடிப்பதற்கு அளவு உண்டு. காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு காபன் மொனொக்சைட் இருந்தால், ஒன்றிலிருந்து நாலு மணிநேரத்துக்குள் அடிக்கும். 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் அடிக்கும். 70-க்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் பேசாமல் இருக்கும். தலையிடி, ஓங்காளம், சோர்வு வந்து, வீட்டை விட்டு வெளியே போனதும் அது குறைகிறதென்றால், அலாரம் அடிக்காவிட்டாலும் சந்தேகப்படுங்கள். ஒன்ராறியோவில் 2026 ஜனவரி 1 முதல், காஸ் சாமான் உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மட்டுமல்ல, ஒவ்வொரு தளத்திலும் அலாரம் இருக்க வேண்டும் என்று விதி. பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். கீழே படுத்திருப்பதும் ஒரு குடும்பம்தான். அலாரத்தின் பின்பக்கத்தில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாருங்கள்.

சரி, இனிச் சூட்டுக்கு வருவோம். ஃபயர்பிளேஸின் கீழ்ப்பலகையைத் திறந்தால் ஒரு உலோகத் தகடு இருக்கும். மணிக்கு எத்தனை பி.ரி.யூ. காஸ் எரிக்கும் என்று அதில் போட்டிருக்கும். பி.ரி.யூ. என்பது சூட்டை அளக்கும் அலகு. 30,000 என்று வைத்துக்கொள்வோம். இது உள்ளே போகிற அளவு. அறைக்கு வருவது எவ்வளவு என்று தெரிய, கனடாவில் எனர்கைட் முறைப்படி விழுக்காட்டில் ஒரு எண் கொடுக்கிறார்கள். அது 30-இலிருந்து 70 வரை போகும். 60 என்றால், 30,000-இல் 18,000 உங்களுக்கு, மிச்சம் வெளியே. பழைய அலங்கார ஃபயர்பிளேஸ் வைத்திருப்பவர்கள், அதை நம்பி, வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸைக் குறைத்தால் காசு மிஞ்சும் என்று நினைக்க வேண்டாம்.

தகட்டில் போட்ட அளவுதான் உண்மையில் எரிகிறதா என்பதைக் காஸ் மீற்றரில் பார்க்கலாம். ஃபர்னஸ் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து, தண்ணீர் ஹீட்டரைப் பைலட்டில், அதாவது பற்றவைக்கும் சின்னச் சுடர் மட்டும் எரியும் நிலையில் வைத்து, அடுப்பையும் அணைத்துவிட்டு, ஃபயர்பிளேஸை மட்டும் முழு அளவில் எரியவிடுங்கள். மீற்றரில் வேகமாகச் சுற்றும் சின்ன முள் ஒன்று இருக்கும். ஒரு சுற்றுக்கு 2 கன அடி என்று போட்ட மீற்றர் என்றால், அது ஒருமுறை சுற்றிவர எத்தனை விநாடி என்று ஃபோனில் பாருங்கள். 240 விநாடி எடுத்தால், மணிக்கு 30 கன அடி. ஒரு கன அடியில் கிட்டத்தட்ட 1,000 பி.ரி.யூ. உண்டு. ஆகவே 30,000, கணக்குச் சரி. பத்து விழுக்காடு கூடக் குறைய இருக்கலாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் காஸ் அழுத்தத்தைப் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள். ஹீட்டரைத் திரும்பப் பழைய இடத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள், இல்லையென்றால் காலையில் குளிர்ந்த தண்ணீர்தான்.

சரியான அளவு எரிந்தும் அறை சூடாகவில்லையா? ஃபானைப் பாருங்கள். பற்றவைத்துப் பெட்டி சூடான பிறகுதான், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது தானாகத் தொடங்கும். தொடங்கவே இல்லையென்றாலோ, உறுமினாலோ, பெரும்பாலும் தூசியும் நாய் பூனை மயிரும்தான் காரணம். இன்னொரு முறைப்பாடும் அடிக்கடி வரும்: வரவேற்பறை வெக்கை, படுக்கையறை குளிர். ஃபர்னஸின் தெர்மோஸ்டாட் ஃபயர்பிளேஸ் இருக்கும் அறையிலேயே இருப்பதால், வீடு சூடாகிவிட்டது என்று அது நினைத்து ஃபர்னஸை நிறுத்திவிடுகிறது. ஃபயர்பிளேஸில் பிழை இல்லை.

2013 டிசெம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது. அப்போது ஃபர்னஸ் நின்ற வீடுகளில் பைலட் எரிகிற ஃபயர்பிளேஸ்கள் ஓடின. தெர்மோபைல் என்ற சின்னக் கம்பி அந்தப் பைலட் சூட்டிலிருந்தே தேவையான மின்சாரத்தை எடுக்கும். புதியவற்றில் பைலட் எப்போதும் எரிவதில்லை. மின்சாரம் போனால் பற்றரிதான். அந்தப் பற்றரிப் பெட்டி எங்கே என்று இன்றே தேடிப் பாருங்கள், பழைய பற்றரி உள்ளே கசிந்து கிடக்கலாம்.

கடைசியாக, ஆளைக் கூப்பிடும் விசயம். ஒன்ராறியோவில் காஸ் சாமானைத் திறந்து வேலை செய்ய ரி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாகாணப் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். வாசலிலேயே அட்டையைக் கேளுங்கள், நாங்கள் கோபிக்க மாட்டோம். வருடத்துக்கு ஒருமுறை போதும். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்புகிறவரிடம், காஸ் அழுத்தம் எவ்வளவு, தெர்மோபைல் எத்தனை மில்லிவோல்ட், அறையில் காபன் மொனொக்சைட் எவ்வளவு என்று மூன்று எண்களைக் கேளுங்கள். அளந்தவர் சொல்லுவார். அவற்றைத் தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதி, ஃபயர்பிளேஸின் கைநூலோடு வையுங்கள். அடுத்த வருடம் வருகிறவர் அதைப் பார்த்துத்தான் எது இறங்கியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

வணக்கம்.